வலது கால் மட்டும்

எங்கள் அத்தான் மண்டியிடாமல் எந்தக் காரியத்தையும் தொடங்க மாட்டார். புதிய சட்டத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்புகூட மேசை அருகே மண்டியிட்டு ஜெபித்தார் என்று அவருடைய உதவியாளரே பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார். படகில் வந்து புகலிடம் கேட்பவர்களை, ஏன் வந்தாய் என்று ஒரு வார்த்தை விசாரிக்காமல் வந்த வழியே திருப்பி அனுப்பலாம் என்பதுதான் அந்தச் சட்டம். அதற்கு ‘மனிதநேய எல்லைச் சட்டம்’ என்று பெயர். பெயர் வைப்பதில் அத்தானை அடித்துக்கொள்ள ஆளே இல்லை.

எனக்கு அவர் அக்காவின் கணவர். மற்றவர்களுக்கு உள்துறை அமைச்சர். நான் பள்ளியில் கணக்கு டீச்சர். பள்ளி விட்டால் கோயில். பீடத்துக்குப் பூ வைப்பது, துணி மாற்றுவது எல்லாம் என் பொறுப்பு. பெரிய வியாழனன்று இன்னொரு வேலையும் சேர்ந்துகொள்ளும். அன்று மாலைப் பூசையில் பன்னிரண்டு பேரை வரிசையாக உட்காரவைத்து, இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல் பாதம் கழுவுவார்கள். ஆண்டவர் கழுவியது தெருப்புழுதி படிந்த கால்களை. எங்கள் பங்குக் கோயிலிலோ ஏற்கெனவே சோப்புப் போட்டுத் தேய்த்த கால்களைத்தான் கழுவுவோம். அந்த முன்கழுவலுக்கு நான்தான் மேற்பார்வை. அதுவும் வலது கால் மட்டும். இடது கால் செருப்புக்குள்ளேயே இருக்கும். அதை யாரும் பார்க்கப் போவதில்லை.

இந்த வருடம் பங்குச் சாமியாருக்குப் பதில் அத்தானே கழுவுவார் என்று ஏற்பாடு. தேர்தல் வருகிறது, கோயில் கூரை ஒழுகுகிறது, சாமியாரும் மனிதர்தானே. பன்னிரண்டு பேரில் பதினொரு பேரைக் கட்சிக்காரர்கள் கொடுத்தார்கள். பன்னிரண்டாவது ஆளைப் பற்றிப் பேச உதவியாளர் நேரில் வந்தார்.

“ஒரே ஒரு அகதி வேணும் ஃபாதர். பாத்தவுடனே அகதின்னு தெரியணும். ஆனா பாக்குறவங்களுக்குப் பயம் வரக் கூடாது.”

“குளிச்ச அகதியா, குளிக்காத அகதியா?” என்று நான் கேட்டேன். அவர் அதையும் யோசித்தார்.

சாமியாரிடம் பதில் தயாராக இருந்தது. “நம்ம பங்கு மண்டபத்துல டிரைவர் தங்கியிருக்காரே.”

டிரைவர் தன் நாட்டில் பஸ் ஓட்டியவர். படகில் வந்தவர். சனிக்கிழமை அவரை விமானத்தில் ஏற்றுவதாக உத்தரவு வந்திருந்தது. சாமியார் அதை உதவியாளரிடம் சொல்லவில்லை. உதவியாளரும் கேட்கவில்லை. விசாரிக்காமல் இருப்பதுதானே இப்போது சட்டம்.

வியாழக்கிழமை மாலை, உடை மாற்றும் அறையில் பதினொரு பேரும் தங்கள் காலைத் தாங்களே கழுவிக்கொண்டார்கள். ஒருவர் நகத்துக்குப் பாலிஷ்கூடப் போட்டு வந்திருந்தார். டிரைவருக்குக் குனிய முடியவில்லை, முதுகில் அடிபட்டிருந்தது. நான் தண்ணீர் வாளியோடு தரையில் உட்கார்ந்தேன். பதறிவிட்டார்.

“வேணாம் டீச்சர். நீங்க எதுக்குக் கழுவுறீங்க? மந்திரி கழுவுவார்னு சொன்னாங்களே?”

“மந்திரி கழுவணும்னுதான் நான் கழுவுறேன்.”

“புரியலையே.”

“எனக்கும்தான். காலைக் குடுங்க.”

கணுக்காலிலிருந்து விரல் வரைக்கும் தீப்பட்ட தழும்பு. தோல் சுருங்கி இழுத்துக்கொண்டிருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

“அடிபட்டவங்களை பஸ்ல ஏத்திக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். எந்தப் பக்கத்து ஆளுன்னு பாக்கலை. அதுதான் குத்தமாம். வண்டியோட கொளுத்திட்டாங்க. என் தம்பியைப் பிடிச்சிட்டுப் போனாங்க, அவன் திரும்பலை. நான் அங்க போய் இறங்கினா அடுத்தது நான்தான் டீச்சர்.”

“இதையெல்லாம் இங்க யார்கிட்டயும் சொல்லலையா?”

“யாரும் கேக்கவே இல்லையே. ஒரு தடவை உக்கார வெச்சுக் கேட்டாப் போதும். தழும்பைக் காட்டுவேன். ஆஸ்பத்திரி டாக்டர் போன் நம்பர்கூட மனப்பாடமா இருக்கு.” கொஞ்சம் தயங்கினார். “மந்திரி குனியும்போது கேக்கலாமா?”

“தாராளமா கேளுங்க. அவர் குனியிறதே அபூர்வம். இதை விட்டா இனி அடுத்த தேர்தலுக்குத்தான் குனிவார்.”

அப்போது உதவியாளர் எட்டிப் பார்த்தார். தழும்பைக் கண்டதும் முகம் மலர்ந்தது. “அருமை. கேமரா இந்தப் பக்கமே இருக்கட்டும்.” வாளித் தண்ணீரை அவர் தலையில் கொட்டியிருக்கலாம். அக்காவை நினைத்து அடக்கிக்கொண்டேன்.

பூசையில் அத்தான் வெள்ளை உடையில், இடுப்பில் துண்டோடு வந்தார். கழுவும்போது அவர் சொல்லும் ஜெபம் தொலைக்காட்சி பார்ப்பவர்களுக்கும் கேட்க வேண்டும் என்று கழுத்துப்பட்டையில் ஒரு மைக் மாட்டியிருந்தார்கள். பதினொரு கால்களும் மளமளவென்று முடிந்தன. பன்னிரண்டாவது காலுக்கு வந்ததும் அத்தான் நிதானித்து, தழும்பைப் பார்த்து, கண்ணை மூடி, பெருமூச்சு விட்டார். கேமராக்கள் கிட்டே வந்தன.

டிரைவர் குரலைத் தாழ்த்தி அவரிடம் பேசினார். மைக் அதைக் கோயில் முழுக்கக் கொண்டுபோனது.

“ஐயா, சனிக்கிழமை என்னைத் திருப்பி அனுப்புறாங்க. போனா கொன்னுடுவாங்க. ஒரே ஒரு தடவை விசாரிக்கச் சொல்லுங்க ஐயா.”

அத்தான் கண்ணைத் திறந்தார். “ஆண்டவர் பாத்துக்குவார், தம்பி.”

டிரைவர் காலை இழுத்து நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

“அப்ப காலையும் ஆண்டவரே கழுவட்டும் ஐயா.”

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டு இருமலாக மாற்றினார்கள். அத்தான் முழங்காலில் நின்றார், கையில் தண்ணீர்க் குவளை. எதிரே கால் இல்லை. உதவியாளர் தூணுக்குப் பின்னால் நின்று காலைத் தூக்கித் தூக்கிச் சைகை காட்டினார். சாமியார் ஒழுகும் கூரையை அப்போதுதான் முதல்முறை பார்ப்பவர்போல் அண்ணாந்து பார்த்தார். அத்தானுக்கு முழங்கால் மூட்டில் வலி உண்டு, நெற்றி வியர்த்தது.

“சரி. விசாரிக்கச் சொல்றேன்.”

“எப்போ ஐயா?”

“நாளைக்கே!”

கால் வெளியே வந்தது. அத்தான் கழுவினார், துடைத்தார், முத்தமிட்டார். கோயிலில் கை தட்டக் கூடாது, தட்டினார்கள். எனக்கும் அழுகை வந்துவிட்டது, பொய் சொல்லவில்லை. அக்கா என் கையைப் பிடித்து நெரித்தாள்.

“பாத்தியா? நீ எப்பவும் அவரைக் கரிச்சுக் கொட்டுவே. அவர் மனசு தங்கம்டி.”

மறுநாள் பெரிய வெள்ளி. கோயிலுக்குச் சேர்ந்து போகலாம் என்று மதியம் அக்கா வீட்டுக்குப் போனேன். எல்லாப் பத்திரிகையிலும் முதல் பக்கத்தில் அந்த முத்தம்தான். அத்தான் உபவாசம், வெறும் தண்ணீர். விடுமுறை நாளிலும் அலுவலகத்தைத் திறக்கவைத்து அதிகாரிகளை வரவழைத்திருந்தாராம். சொன்ன சொல் தவறாத மனிதர்.

“டிரைவரை விசாரிச்சாங்களா அத்தான்?”

“காலையிலேயே விசாரிச்சாச்சு. தள்ளுபடி ஆயிடுச்சு. அனுப்பியாச்சு.”

“அனுப்பியாச்சா? சனிக்கிழமைன்னுதானே இருந்தது?”

“விசாரணையே முடிஞ்சப்புறம் ஒரு மனுஷனை எதுக்கு ராத்திரி முழுக்கக் காக்க வைக்கணும்? பாவம் இல்லையா?”

அக்கா கையிலிருந்த பத்திரிகையைக் கீழே வைத்தாள். “அவரைப் பேச விட்டாங்களாங்க?”

“பேரு கேட்டாங்க, ஊரு கேட்டாங்க, எதுல வந்தேன்னு கேட்டாங்க. படகுன்னார். அப்புறம் என்ன பேச வேண்டியிருக்கு?” அத்தானுக்குக் கோபம் வந்துவிட்டது, உபவாசத்தில் அவருக்குச் சீக்கிரம் வரும். “விசாரிச்சுத்தான் அனுப்பினாங்க. சட்டப்படி.”

ஆக, அமைச்சர் காலைக் கழுவியதில் டிரைவருக்குக் கிடைத்த லாபம், உயிரிலிருந்து ஒரு நாள் குறைந்ததுதான்.

கோயில் வாசலில் அத்தானைக் கூட்டம் சூழ்ந்துகொண்டது. சாமியார் எங்கள் இருவரையும் ஒதுக்குப்புறமாகக் கூப்பிட்டார்.

“டிரைவரோட தம்பி சம்சாரம் போன் பண்ணுச்சும்மா. விமானத்தை விட்டு இறங்கின இடத்துலயே பிடிச்சு ஒரு வண்டியில ஏத்திட்டாங்களாம். எங்கன்னு தெரியலை. நான்தாம்மா அவரைக் கொண்டுபோய் அந்த நாற்காலியில உக்கார வெச்சேன்.”

நான் வாயைத் திறந்தேன், திட்டுவதற்கு ஆள் தேடி. அக்கா உள்ளே போய் வழக்கம்போல் அத்தான் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் அவர்களுக்குப் பின்னால்.

இயேசு சிலுவைப்பட்ட வரலாறான திருப்பாடுகளை வாசித்தார்கள். இயேசுவை விசாரித்த ஆளுநர் பிலாத்து, இவரிடம் ஒரு குற்றமும் காணவில்லை என்கிறான், பிறகு கூட்டத்துக்குப் பயந்து அவரைச் சாவுக்கு ஒப்புக்கொடுத்துவிடுகிறான். அந்த இடம் வந்தால் அத்தான் வருடம் தவறாமல் அழுவார். இந்த வருடமும் தோள் குலுங்க அழுதார். அன்று கேமரா இல்லை, மைக் இல்லை, நிஜமான கண்ணீர். எனக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

அழுதுகொண்டே, கைக்குட்டைக்காக அக்காவிடம் கையை நீட்டினார்.

அக்கா அவர் பக்கம் திரும்பினாள்.

“எதுக்குங்க அழுறீங்க?” என்றாள், மெதுவாகத்தான். “விசாரிச்சுத்தானே அனுப்பினாங்க.”

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.