கனத்துப்போன கம்ப்யூட்டர்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் இரண்டாவது கல்யாணம் பதிவான அன்று காலை, அவர் வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரின் எடை கூட ஆரம்பித்தது. அதற்கு முன் அந்தப் பெட்டியை அவர் அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறார். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் புதுமனைவியோடு வீடு திரும்பியபோது, அது இருந்த மேஜையின் கால்கள் தரைக்குள் ஒரு விரல் ஆழம் இறங்கியிருந்தன. அது மாடி வீடு. கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து தன் கூரையில் விழுந்த விரிசலைப் பற்றிச் சொன்னார், வெயில் ஜாஸ்தி என்று காரணத்தையும் அவரே சொல்லிக்கொண்டார், கல்யாண வாழ்த்தும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

கம்ப்யூட்டர் முதல் மனைவியுடையது. கடைக் கணக்கைப் போட்டு முடித்துவிட்டு அதில் சீட்டு ஆடுவது அவள் வழக்கம். அவள் காய்ச்சலில் இறந்த நாளிலிருந்து அது கிளம்பவில்லை. பொத்தானை அமுக்கினால் பச்சை விளக்கு ஒரு தரம் கண் சிமிட்டும், உள்ளே ஃபேன் அரைச் சுற்று சுற்றும், அவ்வளவுதான். அதைத் தூக்கிக்கொண்டு போன இடத்தில்தான் அவர் மெக்கானிக்கம்மாவைப் பார்த்தார். ஊரில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். தண்ணீரில் விழுந்தது, இடி விழுந்தது, எலி கடித்தது என்று எது வந்தாலும் ஓடவைத்து அனுப்புகிறவளுக்கு இந்தப் பெட்டி மட்டும் மசியவில்லை. அவர் வாரா வாரம் வந்து “ஆச்சா?” என்பார். அவள் “இன்னும் ஆகல” என்பாள். பிறகு இரண்டு டீ வரும். பெட்டிக்கு உயிர் வராமலே அவர் அதை வீட்டுக்குத் தூக்கிவந்தார், அதற்குள் இவர்கள் இருவருக்கும் கல்யாணமே கூடிவிட்டது.

கல்யாணமான பிறகு வீடு அந்த அறைப் பக்கமாகச் சாய்ந்தது. சமையலறையில் தவறி விழுந்த வெங்காயம் கூடத்தைத் தாண்டி, கதவிடுக்கில் நுழைந்து, கம்ப்யூட்டர் மேஜையடியில் போய் நின்றது. டம்ளரில் தண்ணீர் ஒருபக்கமாகச் சரிந்தே இருந்தது. கடைக்காரர் தண்ணீர் குடிக்க எழுந்து போவார், கால் தன்பாட்டுக்கு அவரை அந்த அறை வாசலில் கொண்டுபோய் விடும். அங்கே கொஞ்சம் நின்றுவிட்டு, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பிவருவார். மெக்கானிக்கம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

சாய்வைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். அவர் முதல் மனைவியைப் பற்றி வாயே திறக்காததைத்தான் பொறுக்க முடியவில்லை. போட்டோ இல்லை, பேச்சு இல்லை, தூக்கத்தில் உளறல்கூட இல்லை. ஒரு தரம் மனதைத் திடப்படுத்திக்கொண்டு, “அவங்க எப்படிப்பட்டவங்க?” என்று கேட்டாள். “நல்லவ” என்றார் அவர். சொல்லிவிட்டு, ஏற்கெனவே துடைத்து வைத்திருந்த கண்ணாடியை மறுபடி துடைக்க ஆரம்பித்தார். தன் சமையலை, தன் சிரிப்பை, தன் புதுப் புடவையைப் பற்றி அவர் வாய் நிறையச் சொன்னதெல்லாம் சேர்ந்தும் அந்த ஒற்றை வார்த்தைக்கு ஈடாகாது என்று அவளுக்குப் பட்டது. செத்துப்போனவளுக்கு வயசு ஏறாது, கோபம் வராது, சாம்பாரில் உப்பும் கூடிப்போகாது. அப்படிப்பட்டவளோடு எப்படி மல்லுக்கட்டுவது?

அவள் பொறாமை ரிப்பேராக வெளியே வந்தது. விடுமுறை நாளெல்லாம் ஸ்க்ரூடிரைவரோடு அந்த அறையில் உட்கார்ந்தாள். பவர் சப்ளையை மாற்றினாள். ரேம் கார்டின் பல்வரிசையை ரப்பரால் தேய்த்தாள். காசு மாதிரி இருக்கும் பேட்டரியை மாற்றினாள், போர்டை மாற்றினாள், கடைசியில் பொத்தானையே மாற்றினாள். வெளியே எடுத்துப் போட்ட பழைய சாமான்கள் இறகு மாதிரி லேசாக இருந்தன. பெட்டி மட்டும் நாளுக்கு நாள் கனத்தது. ஒருநாள் கடைக்காரர் இல்லாத நேரம் பார்த்துப் பழைய இரும்புக்காரரை வரவழைத்தாள். அவரும் அவர் ஆட்களும் கயிறு போட்டு இழுத்தும் அது அசையவில்லை. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாத்ரூம் கதவைத் தட்டிக் கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டார்: “உள்ள யாராவது இருக்காங்களாம்மா?”

“இருக்காங்க” என்றாள் மெக்கானிக்கம்மா.

“அப்ப முன்னாடியே சொல்லிருக்கலாமே” என்று கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மத்தியானம் அவள் பிளக்கைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதாள். அழுது ஓய்ந்ததும் பெட்டியைப் பார்த்துச் சொன்னாள்: “அவரை நீயே வெச்சுக்க. என்கிட்ட இல்லாதது உன்கிட்ட என்ன இருந்துச்சுன்னு மட்டும் சொல்லிடு.” ஃபேன் முழுச் சுற்றுச் சுற்றியது. பிளக் தரையில் கிடக்க, திரை வெளுத்து, பாதியில் நின்ற ஒரு சீட்டாட்டம் வந்தது. சீட்டுகளுக்குக் கீழே ஒவ்வொரு எழுத்தாக ஒரு கேள்வி எழுந்தது. இன்னும் குறட்டை விடறாரா?

மெக்கானிக்கம்மா மூக்கைச் சிந்திவிட்டு விசைப்பலகையை இழுத்து, விடறார் என்று அடித்தாள். புரட்டிப் படுக்க வெச்சா நிக்கும் என்று பதில் வந்தது. அது அவளுக்கும் தெரியும். தெரியும் என்று சற்றுக் கடுப்பாகவே அடித்தாள். பிறகு, இத்தனை காலமும் அந்தப் பெட்டி எதைச் சுமந்துகொண்டிருந்ததோ அது வந்தது. என்னைப் பத்தி உன்கிட்ட என்ன பேசுவாரு?

ஒரே வார்த்தையில் அவளை வீழ்த்திவிடலாம். மெக்கானிக்கம்மாவின் விரல் அதற்குத் துடிக்கவும் செய்தது. பேசவே மாட்டார் என்று அடித்தாள். திரை மங்கியது. மேஜை இன்னும் கொஞ்சம் இறங்கியது, கீழ்வீட்டில் காரை உதிரும் சத்தம் கேட்டது. அவள் அவசரமாக, அதான் எனக்கு வயித்தெரிச்சல் அக்கா, என்று சேர்த்தாள். அக்கா என்ற சொல் எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. திரை மறுபடி வெளுத்தது. என்கிட்டயும் பேச மாட்டாரு என்று எழுதியது. அதுக்குத்தான் சீட்டு ஆடக் கத்துக்கிட்டேன்.

மெக்கானிக்கம்மா சிரித்துவிட்டாள். மேஜை தரையிலிருந்து எழும்பியது.

சாயங்காலம் கடைக்காரர் வந்தபோது கூடத்தில் நேராக நடக்க முடிந்தது அவருக்குப் புதிதாக இருந்தது. அறைக்குள் எட்டிப் பார்த்தார். அவர் தலையைக் கண்டதும் திரை அணைந்தது. “என்ன சொன்னா?” என்றார்.

“அது எங்களுக்குள்ள.”

அதன்பின் பொறாமை அவர் பக்கம் போயிற்று. தனியாக அந்த அறைக்குப் போய்ப் பொத்தானை அமுக்கிப் பார்த்தார், விளக்குகூடச் சிமிட்டவில்லை. உள்ளே விசைகள் படபடக்கும்போதெல்லாம் கதவில் காது வைத்தார். இரண்டு பேரும் சேர்ந்து தன்னைப் பற்றித்தான் பேசிச் சிரிக்கிறார்கள் என்று நினைத்தார், அது உண்மையும்தான். பொறுக்க முடியாமல் ஒருநாள் சாப்பாட்டில் கை வைத்துக்கொண்டே, முதல் மனைவி காய்ச்சலில் கிடந்த நாட்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார். சோறு காய்ந்துபோகும்வரை சொன்னார். “இதை அவகிட்ட சொல்லிடு” என்றார். “நீங்களே சொல்லுங்க, கேட்டுட்டுதான் இருக்காங்க” என்றாள் மெக்கானிக்கம்மா. அவர் போய் அறை வாசலில் நின்று, கண்ணாடியைத் துடைக்காமல், முதலிலிருந்து சொன்னார். திரை அவருக்காக எரியவில்லை. ஆனால் ஃபேன் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அது போதும் என்று அவர் எடுத்துக்கொண்டார். பாதியும் போதவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

இப்போது அந்த வீட்டில் வருஷங்கள் ஓடிவிட்டன. ரிப்பேருக்கு ஏதாவது தூக்கிக்கொண்டு மத்தியானத்தில் மெக்கானிக்கம்மாவைத் தேடி யாராவது வந்தால், கடைக்காரர்தான் கதவைத் திறக்கிறார். நாற்காலியை இழுத்துப் போடுகிறார். மூடிய அறையைப் பார்த்தபடி, குரலைக் கொஞ்சம் தாழ்த்தி, “ரெண்டு பேரும் பேசிட்டிருக்காங்க, கொஞ்சம் உக்காருங்க” என்கிறார். வந்தவர்களும் உட்கார்ந்து காத்திருக்கிறார்கள்.