ரேகாவுக்கு வலிக்கவில்லையாம்

வலியை வெளியே காட்டாத பெண்களுக்கு யாராவது போட்டி வைத்தால் ரேகாவை யாராலும் ஜெயிக்க முடியாது. குடல் சுவர் வீங்கிப் புண்ணாகும் குரோன்ஸ் நோயோடு இரண்டு வருஷமாக மல்லுக்கட்டுகிறாள். புருஷன் கதிரவன் எப்போது கேட்டாலும் "ஒண்ணும் இல்லீங்க" என்பாள். அந்த அப்பாவியும் நம்பிக்கொண்டிருந்தான்.

போன மாதம் சிதம்பரத்து டாக்டர் சொன்னார்: "இந்த மாத்திரை சாப்பிடறப்ப கர்ப்பம் ஆகக் கூடாதும்மா. வலி சுத்தமா நின்னிருந்தா, மாத்திரைய நிறுத்திட்டுக் குழந்தைக்குப் பாக்கலாம்."

"நின்னுடுச்சு டாக்டர்" என்றாள் ரேகா, யோசிக்காமலே.

டாக்டர் அதற்கெல்லாம் மயங்குகிறவர் இல்லை. வாய் சொல்வதைக் குடலும் சொல்கிறதா, ஸ்கேனில் பார்த்துவிடுவோம் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

செம்மங்குப்பத்தில் காலை பஸ் ஏறி, வெறும் வயிற்றோடு ஸ்கேன் சென்டருக்கு வந்தார்கள். கல்யாணமான பெண் அங்கே உட்கார்ந்திருந்தால் நம் ஊரில் அதற்குக் காரணம் ஒன்றுதான். சுற்றிலும் மேடிட்ட வயிறுகள். மருமகளைக் கூட்டி வந்திருந்த எதிர்வீட்டு ரத்தினம்மாள், ரேகாவைப் பார்த்ததும் வாயெல்லாம் பல்லாக ஓடி வந்தாள்.

"எத்தினி மாசம்டி? மூச்சே வுடலியே!"

இல்லை என்று சொல்லப்போகிறாள் என்று கதிரவன் காத்திருந்தான்.

"மூணு, அத்தே" என்றாள் ரேகா. சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

கதிரவன் அந்தக் குனிந்த தலையையே பார்த்தான். இவ்வளவு ஆசையை இவள் எங்கே ஒளித்து வைத்திருந்தாள்?

உள்ளே, ஸ்கேன் டாக்டர் புஷ்பவள்ளி ரேகாவின் வயிற்றில் ஜெல் தடவிக் கருவியை மெல்ல நகர்த்தினார். வலது பக்கம் அடிவயிற்றில் கருவி நின்றது. கூட நின்ற கதிரவனும் திரையைப் பார்த்தான்.

"குடல் சுவர் தடிச்சுத்தாம்மா இருக்கு. இந்தச் சிவப்புதான் ரத்த ஓட்டம், ரொம்ப ஜாஸ்தியா இருக்கு. புண்ணு ஆறவே இல்ல. நெசமாவே வலிக்கலியா?"

ரேகாவுக்குக் கண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது.

படத்தைக் கொண்டுபோய்க் காட்டியதும் சிதம்பரத்து டாக்டர் பழைய பேச்சையே மாற்றிவிட்டார். இப்போது மாத்திரையை நிறுத்தினால் குடல் சுருங்கி ஆபரேஷனில் போய் நிற்கும். வேறு மருந்தும் சேர்க்க வேண்டும். புண் ஆறியது ஸ்கேனில் தெரிந்தபிறகு தாராளமாகப் பிள்ளை பெற்றுக்கொள்ளலாம்.

வெளியே வந்ததும் கதிரவனுக்குத் திட்ட வேண்டும்போல்தான் இருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் திட்டு வரவில்லை.

"கொழந்த எப்பனா பொறக்கட்டும். மொதல்ல எனக்கு நீ வேணும். ஒன் வலிய நான் டிவிப் பொட்டியில பாத்துத்தானா தெரிஞ்சிக்கணும்?"

"சொன்னா இன்னும் தள்ளிப் போவுமேன்னுதான்..." என்று முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

திரும்புகிற பஸ்ஸில் நிற்கக்கூட இடமில்லை. முன்னாடியே ஏறி உட்கார்ந்திருந்த ரத்தினம்மாள் பக்கத்து சீட்டுக்காரரை அதட்டினாள். "எழுந்திரிங்க, புள்ளத்தாச்சி நிக்குதுல்ல!"

அவர் எழுந்துவிட்டார். ரேகா உட்காரவில்லை. கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"அத்தே, நான் பொய் சொல்லிட்டேன். முழுவாம இல்ல. கொடல்ல புண்ணு." பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. எழுந்தவர் மறுபடி உட்காரலாமா என்று விழித்தார். ரேகா அவரைப் பார்த்து, "ஆனா சீட்டு எனக்கு வேணுங்க. ரொம்ப வலிக்குது" என்றாள்.

பெண்டாட்டி வலிக்கிறது என்று சொல்லி எந்தப் புருஷனுக்காவது நிம்மதி வருமா? கதிரவனுக்கு வந்தது.