கறுப்பு வட்டமும் சிவப்புக் கோடும்

அரூர் பழைய இரும்புக் கடையில் அந்தத் தகர டப்பாவைக் கண்ட நாளிலிருந்து தௌசீப்புக்கு வேறு எதிலும் மனசு ஓடவில்லை. அச்சகத்தில் அவன்தான் டிசைனர். கல்யாணப் பத்திரிகை என்றால் மயில், தங்க ஜரிகை, மூன்று தலைமுறைப் பெயர்கள். மசாலா பாக்கெட் என்றால் சிரிக்கிற குடும்பம். கண் கூசக் கூச இதையே செய்து சலித்துப்போனவன்.

டப்பாவோ வெறும் வெள்ளை. நடுவிலிருந்து கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கிய ஒரு கறுப்பு வட்டம், அதன் கீழே மெல்லிய சிவப்புக் கோடு. அவ்வளவுதான். பின்பக்கத்து எழுத்தையெல்லாம் துரு தின்றிருந்தது. அறுபது வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒரு புண்ணியவான், எதையெல்லாம் போடக்கூடாது என்று தெரிந்து போட்டிருக்கிறான். தௌசீப் ஸ்கேல் வைத்து அளந்து அளந்து பூரித்துப்போனான். உள்ளே என்ன இருந்தது என்று கேட்க மட்டும் தோன்றவில்லை. அழகில் மயங்கியவன் புத்தி அவ்வளவுதான் வேலை செய்யும்.

பாப்பாரப்பட்டியில் கேழ்வரகுச் சத்துமாவு அரைத்து விற்கும் அமுதவல்லி பாக்கெட் டிசைன் கேட்டு வந்தபோது, அதை அப்படியே எடுத்துப் போட்டான்.

"முன்னாடி பேரே இல்லீங்களே?"

"பின்னாடி இருக்குதுங்க. இத ஒருதடவ பாத்தா யாரும் மறக்க மாட்டாங்க."

சித்தேரி மலையில் ஓர் ஊருக்குப் போய், அமுதவல்லி பிள்ளைகளுக்கு நூறு பாக்கெட் சும்மா கொடுத்துவிட்டு வந்தாள். வெல்லம் கலந்த மாவு. பெரியவர்கள் காட்டு வேலைக்குப் போயிருந்தார்கள். பிள்ளைகள் முதலில் பாக்கெட்டைக் கண்டு பின்வாங்கின; அமுதவல்லி கொஞ்சம் தின்று காட்டியதும், நின்ற இடத்திலேயே கிழித்து வாயில் கொட்டிக்கொண்டன. அடுத்த வாரம் ஆர்டர் எடுக்கப் போனபோது தௌசீப்பும் கூடவே பஸ் ஏறினான்.

நல்ல மதியம். ஊரில் அரவமே இல்லை. முதல் வீட்டின் திறந்த கதவுக்குப் பின்னால் ஒரு பானை தெரிந்தது. அதன்மேல் கரியால் அதே வட்டம், செம்மண்ணால் அதே கோடு. தௌசீப் சிரித்துவிட்டான். அடுத்த வீட்டிலும் இருந்தது. அதற்கடுத்த வீட்டிலும் இருந்தது. ஒரே வாரத்தில் ஊரே தன் டிசைனை வரைந்து வைத்திருக்கிறது என்று அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

நாலாவது வீட்டுப் பானை வாசலிலேயே இருந்தது. குனிந்து பார்த்தான். வட்டம் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தது, அதே அளவுக்கு. ஆனால் கரி புதிதல்ல. வருஷா வருஷம் பூசிப் பூசித் தடித்துப் போயிருந்தது.

காட்டிலிருந்து வந்துகொண்டிருந்த அந்த ஊர்க்காரி சாலம்மாளிடம் அமுதவல்லி ஒரு பாக்கெட்டை நீட்டினாள். அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"அத இங்க வெக்காதீங்க. எடுத்துக்கிட்டுப் போங்க."

"சத்துமாவுங்க, கொழந்தைங்களுக்கு."

"வெசங்க அது. வெதக் கேவுருல பூச்சி மருந்து கலந்து வெக்கிற பானைக்கு இதத்தான் போடுவோம். அந்தக் காலத்து மருந்து டப்பாவுல இருந்துச்சுன்னு பெரியவங்க பாத்துப் போட்டது. இதக் கண்டா எங்க பிள்ளைங்க கிட்டக்கூடப் போவாதுங்க."

"போன வாரம் பிள்ளைங்களுக்கு இந்தப் பாக்கெட்டக் குடுத்திருக்கோமுங்க," என்றான் தௌசீப்.

"எந்தப் பிள்ளைங்களுக்கு?"

"எல்லாருக்கும்."

சாலம்மாள் மகள் பெயரைக் கூவிக்கொண்டு தன் வீட்டைப் பார்த்து ஓடினாள். கையில் பாக்கெட்டோடு தௌசீப்பும் பின்னால் ஓடினான்.

எழிலரசிக்கு நாலு வயசு. பானைக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். மூடி தரையில் கிடந்தது. வாயைச் சுற்றிலும் சாம்பல் நிறப் பொடி. மென்றுகொண்டே நிமிர்ந்தவள், தௌசீப்பின் கையிலிருந்த பாக்கெட்டைப் பார்த்ததும் கையை நீட்டினாள்.

"இது இனிக்கல. அதக் குடுண்ணா."