அந்த முனையிலிருந்து ஒரு சொல்

கத்திரியக்காவின் இடது கை அன்றைக்கும் பாதி வழியில் நின்றுவிட்டது.

சமையலறையின் மேல்தட்டிலிருந்த டீத்தூள் டப்பாவைத்தான் எடுக்கப் போனாள். தோள்மட்டம் வரை ஒழுங்காக வந்த கை, அதற்கு மேல் ஒரு விரற்கடைகூட ஏறமாட்டேன் என்று அடம்பிடித்தது.

பின்னாலிருந்து எட்டி டப்பாவை எடுத்துக் கொடுத்தார் கணவர். லிஃப்ட் மெக்கானிக். "மேலயும் போகல, கீழயும் வரல. நடுமாடியில நின்னுபோச்சு. எங்க ஆளுங்களைக் கூப்பிட்டு ரெண்டு சொட்டு எண்ணெய் விடச் சொல்லவா?"

"உங்க வாய்க்கு முதல்ல பூட்டுப் போடச் சொல்லுங்க."

ரெடிமேட் துணிக் கம்பெனியில் கட்டிங் மேஜை அவளுடையது. கையில் கத்தரிக்கோல், வாயில் அதைவிடக் கூரான ஒன்று. பெயர் அப்படித்தான் வந்தது. ஆனால் அந்த மேஜைக்கே இப்போது ஆபத்து. சூப்பர்வைசர் முந்தின நாள் கூப்பிட்டுப் பேசியிருந்தார். மனிதர் கத்தியிருந்தால் பதிலுக்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார். தன்மையாகப் பேசியதுதான் பயமுறுத்தியது. துணி விரிக்க இரண்டு பேர் வேண்டும், நீங்களோ சேர்ந்த நாளிலிருந்து ஜோடியே வேண்டாமென்று ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள், இப்போது கையும் எழவில்லை, மாதக் கடைசிக்குள் ஒரு வழி தெரியாவிட்டால் பேக்கிங் பக்கம் மாற்றிவிடுகிறேன் என்றார். பேக்கிங் என்றால், யாரோ வெட்டி யாரோ தைத்த சட்டையைப் பையில் திணிப்பது. அதற்கு வீட்டிலேயே உட்கார்ந்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

டாக்டர்களைப் பார்க்காமலில்லை. எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாவற்றிலும் எலும்பும் தசையும் சமர்த்தாகவே இருந்தன. நாத்தனார் மட்டும் எந்த ஸ்கேனும் இல்லாமல், அது வேலைக்கள்ளம் என்று போனிலேயே கண்டுபிடித்துச் சொன்னாள்.

தோள் ஒன்றோடு போயிருந்தால் பரவாயில்லை. காலையில் எழுந்தால் தாடை வலித்தது. தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறாளாம். இஸ்திரிச் சூட்டில் துணி லேசாகப் பொசுங்கினால்கூட வயிறு புரண்டது. முன்பெல்லாம் சிரித்திருக்கக்கூடிய பேச்சுக்கு இப்போது எரிந்து விழுந்தாள். இவையெல்லாம் ஒரே குடும்பத்து ஆட்கள் என்று அவள் நினைக்கவில்லை. தோளுக்கு ஒரு டாக்டர், பல்லுக்கு ஒரு டாக்டர், வயிற்றுக்கு மாத்திரை என்று ஒவ்வொன்றுக்கும் தனிக்குடித்தனம் வைத்துக் கொடுத்திருந்தாள்.

கடைசி முயற்சியாகப் போனதுதான் பிசியோதெரபி. சின்ன வயதுப் பெண். தோளில் சூடான ஒத்தடப் பையை வைத்து, கண்ணை மூடச் சொல்லி, ஊர்க்கதை பேசியபடியே கையை மெல்ல மெல்லத் தூக்கினாள். கை தோளைத் தாண்டியது. காதுவரை வந்தது. கத்திரியக்காவுக்கே நம்ப முடியவில்லை.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்துக் கடைக்காரர் சாப்பிடப் போவதற்காகக் கடையை அடைத்தார். ஷட்டர் தடதடவென்று இறங்கியது.

கை இரும்பாகிவிட்டது. முழங்கை மடங்கி, உள்ளங்கை கூரையைப் பார்த்துத் திரும்பி, விரல்கள் விரிந்து நின்றன. பல் கிட்டியது. உடம்பெல்லாம் வியர்வை.

அந்தப் பெண் கையை இழுக்கவில்லை. "ஷட்டர் சத்தம்தான்க்கா. நீங்க என் ரூம்லதான் இருக்கீங்க" என்று மறுபடி மறுபடி சொன்னாள். மூச்சு சீரான பிறகு மெதுவாகக் கேட்டாள்: "இது தூக்க முடியாத தோள் இல்லக்கா. இறக்கி வைக்க முடியாத தோள். எதைத் தாங்கிக்கிட்டு இருக்கீங்க?"

"துணி மூட்டையை" என்று சொல்லிவிட்டு கத்திரியக்கா பையை எடுத்துக்கொண்டாள். நடந்தது முடிந்துவிட்டது என்பது சில சமயம் உடம்புக்குத் தெரியாது, இந்தப் பயிற்சியோடு மனநல ஆலோசகர் ஒருவரையும் பாருங்கள் என்று அந்தப் பெண் வாசல்வரை வந்து சொன்னாள். எனக்கு வலிப்பது தோள், மண்டை இல்லை என்று இவள் வெடுக்கென்று பதில் சொல்லிவிட்டு வந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தும் மனசு அடங்கவில்லை. கண்ணாடி முன் நின்று, முழங்கையை மடக்கி, உள்ளங்கையை மேலே திருப்பிப் பார்த்தாள். வாசலில் வந்து நின்ற கணவர் வழக்கம்போல் கிண்டல் செய்வார் என்று காத்திருந்தாள். அவர் செய்யவில்லை.

"தூங்கறப்ப நீ இப்படித்தான் வெச்சிருப்ப" என்றார். "அடியில ஒரு தலகாணியைக் கொடுப்பேன்."

"எப்ப இருந்து?"

"அந்தத் தீ விபத்துல இருந்து."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"அந்தப் பேச்சை எடுத்தாலே எந்திரிச்சுப் போயிடுவியே."

இந்த முறை அவள் விலகிப் போகவில்லை. தரையில் உட்கார்ந்து, முதல்முறையாக முழுவதையும் சொன்னாள்.

பழைய கம்பெனியில் அவளுக்கு ஒரு ஜோடி இருந்தாள். மேஜையின் அந்த முனையில் அவள், இந்த முனையில் இவள். ஒருத்தி துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொள்ள, மற்றவள் அதை அந்தக் கோடிவரை இழுத்துச் சுருக்கம் நீவுவாள். துணி படிந்ததும் "விடு" என்பாள். அந்தச் சொல் வராமல் பிடித்தவள் விடக்கூடாது. விட்டால் அடுக்கு மொத்தமும் கோணிப்போகும். அவர்கள் மேஜையில் அது சட்டம்.

இஸ்திரிப் பகுதியில் தீப்பிடித்த அன்று கரண்ட் போய், பாதி ஏறியிருந்த ஷட்டர் தானாக இறங்கத் தொடங்கியது. வெளியே வந்துவிட்ட இவள் திரும்பி நின்று அதைக் கையால் தாங்க, மற்றவர்கள் அடியில் தவழ்ந்து வந்தார்கள். ஜோடி கடைசியாகத் தலையை நீட்டினாள். பிறகு உள்ளே திரும்பிப் பார்த்தாள். "பாத்ரூம்ல யாரோ தட்டுறாங்க. பிடி, வந்துடறேன்" என்றாள். போனாள்.

"பிடிச்சிட்டுத்தாங்க இருந்தேன். பின்னாடியிருந்து யாரோ என் இடுப்பைப் பிடிச்சு இழுத்துட்டாங்க. ஷட்டர் விழுந்துடுச்சு. அவ சொல்றதுக்கு முன்னாடி நான் விட்டுட்டேன்."

கணவர் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "விடும்மா..." என்று தொடங்கியவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

"பார்த்தீங்களா? துக்கம் கேட்க வந்தவங்க எல்லாரும் அதையேதான் சொன்னாங்க. விடு, விடுன்னு. சொல்ல வேண்டியவ சொல்லலையே."

மறுநாள் பிசியோதெரபிப் பெண்ணிடம் போய், கொஞ்சம் முறைப்பாகவே, அந்த ஆலோசகரின் விலாசத்தைக் கேட்டாள்.

ஆலோசகர் நடுவயது அம்மாள். அவர் ஒருதடவைகூட "விடு" என்று சொல்லவில்லை. அதனாலேயே கத்திரியக்கா தொடர்ந்து போனாள். ஷட்டர் சத்தம் கேட்டால் காலைத் தரையில் அழுத்தி ஊன்றுவது, எதிரிலிருக்கும் பொருள்களை வாய்விட்டுச் சொல்வது என்று சின்னச் சின்னப் பழக்கங்கள். இந்தப் பக்கம் தோளுக்குப் பயிற்சி. ஒருநாள் அந்த அம்மாள், இன்னும் இப்படிப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தால் உங்கள் ஜோடி என்ன சொல்வாள் என்று கேட்டார்.

கத்திரியக்கா யோசிக்கவேயில்லை. "திட்டுவா. 'மரமண்டை, நான் வரமாட்டேன்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு, நீ இன்னுமா பிடிச்சிட்டு நிக்கற'ன்னு திட்டுவா."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையானது. அந்த அம்மாள் அதை நிறுத்தச் சொல்லவில்லை.

மாதக் கடைசியும் வந்தது. கட்டிங் மேஜையில் நீலத்துணி உருளை கிடந்தது. சூப்பர்வைசர் தூரத்தில் எதையோ பார்ப்பதுபோல் இவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்திரியக்கா பட்டன் பிரிவிலிருந்த ரேடியோ என்கிற பெண்ணைக் கூப்பிட்டாள். வாய் ஓயாததால் வந்த பெயர்.

"இன்னிலேர்ந்து அந்த முனை உன்னோடது. நான் பிடிச்சுக்குவேன். படிஞ்சதும் நீ 'விடு'ன்னு சொல்லணும். நீ சொல்லாம நான் விடமாட்டேன். பேச்சு சுவாரசியத்துல மறந்துடாத."

"நான் பேச மறப்பேனாக்கா?" என்றாள் ரேடியோ. ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள்.

துணி நீண்டது. ரேடியோ பயபக்தியாக நீவினாள். ஓரத்தைப் பிடித்திருந்த இடது கை இறுகத் தொடங்கியது. கத்திரியக்கா பாதங்களை ஊன்றி, மேஜை, சாக்குக்கட்டி, ஜன்னல் என்று முணுமுணுத்தாள்.

"விடுங்கக்கா."

விரல்கள் திறக்கவில்லை. ரேடியோ அவசரப்படுத்தவில்லை. அங்கேயே நின்று, தணிந்த குரலில் இன்னொருமுறை சொன்னாள்.

"படிஞ்சிருச்சுக்கா. விடுங்க."

விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. துணி லேசாகக் காற்றை எழுப்பிக்கொண்டு மேஜையில் படிந்தது. கோணவில்லை.

கை தொப்பென்று தொங்கியது. தோள் வலித்தது, நன்றாகவே வலித்தது. டீத்தூள் டப்பா இன்றைக்கும் எட்டாது, நாளைக்கும் எட்டாமல் போகலாம். சூப்பர்வைசர் பேக்கிங் பேச்சை எடுக்காமலே தன் அறைக்குப் போய்விட்டார்.

கத்திரியக்கா முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த அடுக்குக்குத் துணியின் ஓரத்தை ரேடியோவிடம் நீட்டினாள். ஷட்டரடியில் கேட்ட நாளிலிருந்து வாயில் வராத சொல் தானாக வந்தது.

"பிடி."