பல்ப் மாப்பிள்ளை

எங்கள் மலைச்சரிவில் பெண் கேட்டு வருகிறவர்கள் முழுப் பன்றியை வாட்டிச் சுமந்து வருவார்கள். நான் விரும்பிய ரெனாந்தேயின் வீட்டாரும் அப்படித்தான் வந்தார்கள். கொக்கோத் தோட்டம் வைத்திருக்கும் என் அப்பா இசித்ரோ பன்றியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மரத்தின் அருமை தெரிந்தவனுக்குத்தான் பெண் என்று, ஒரு கப்பல்காரனையும் ஒரு வங்கிக்காரனையும் ஏற்கெனவே விரட்டியிருந்தார்.

ரெனாந்தே மட்டும் எப்படித் தப்பினான்? "பல்ப் வேலை பார்க்கிறான்" என்று நான் சொன்னதும் அவருக்கு வாயெல்லாம் பல். கொக்கோ வியாபாரிகள் விதையைச் சுற்றியிருக்கும் வெள்ளைச் சதையை அப்படித்தான் சொல்வார்கள். காகித ஆலையிலும் அதே சொல்தான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? எனக்குமே உறைக்கவில்லை.

பழுத்த கொக்கோ ஒன்றைப் பிளந்து அவன் முன் வைத்தார்.

"பல்ப் ஆளாச்சே தம்பி! நம்ம தோட்டத்துப் பல்ப் எப்பிடி, சொல்லு."

சதையைச் சப்பிவிட்டு விதையைத் தட்டில் துப்ப வேண்டும். காயவைத்தால் அதுதானே சாக்லேட். இந்த மகானுபாவன் நறுக்கென்று கடித்தான். கண்ணில் நீர் முட்ட விழுங்கினான். சிரித்துக்கொண்டே இன்னும் இரண்டை எடுத்துக் கடித்தான்.

அப்பாவின் புருவம் சுருங்கியது. "நீ எந்தப் பழத்துல வேலை பாக்கறே?"

"பழம் இல்லீங்க ஐயா, மரம். மரத்தைக் கூழா அரைச்சுக் காகிதம் பண்றோம்."

அப்பா நன்றாகப் பல்பு வாங்கினார். துள்ளி எழுந்தார். "நான் மரம் வளக்கறேன், இவன் அரைக்கிறானாம்! பன்னியைத் தூக்கிட்டுக் கிளம்பச் சொல்லு, இன்டாய்!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார்.

"மேடு ஏறித் தூக்கிட்டு வந்தோம் அண்ணே," என்றாள் ரெனாந்தேயின் அம்மா. "இறங்கறப்போ அது தானா நடக்குமா?"

யாரும் சிரிக்கவில்லை. இவனை விட்டால் எனக்கு வேறு யாரும் வேண்டாம்.

அப்பா தட்டை எடுக்கக் குனிந்தார். காலி.

"விதை எங்கடா?"

"முழுங்கிட்டேன்."

"மூணையுமா? கசக்கலியா?"

"உயிரே போச்சு ஐயா. பொண்ணு கேக்க வந்த வீட்ல, குடுத்ததைத் துப்பலாமா?"

அப்பாவின் தோள் குலுங்கியது. அடிக்கப்போகிறார் என்று பயந்து குறுக்கே ஓடினேன். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"என் மரத்து விதை இவன் வயித்துக்குள்ள இருக்கு. இனிமே இவனை எப்பிடி வெளிய விடறது? பன்னியை வெட்டுங்க!"