எட்டு நாற்காலி

எங்கள் பள்ளியில் பிள்ளைகளை எண்ணுகிற வழக்கம் கிடையாது. நாற்காலிகளைத்தான் எண்ணுவோம். எட்டுப் பிள்ளைகளுக்கும் கால் வராது. சக்கர நாற்காலி இல்லாமல் ஒன்றும் எங்கேயும் போகாது. அதனால் எட்டு நாற்காலியும் மடங்கி வேனின் பின்னால் ஏறிவிட்டால் எட்டுப் பிள்ளைகளும் ஏறியாச்சு என்று அர்த்தம். நான் ஆயாவாகச் சேர்ந்து பதினோரு வருஷம், இதில் பிசகு வந்ததாக நினைவில்லை.

அன்று சுற்றுலா போன கலங்கரை விளக்கத்தில் நூற்று நாற்பது படி. நாற்காலிகளை அடிவாசலில் நிறுத்திவிட்டு நானும் டிரைவர் தம்பியும் பிள்ளைகளை முதுகில் சுமந்து ஏற்றினோம். முட்டி இரண்டும் கழன்றே போச்சு. "இந்த யோசனை சொன்ன மகராசி ஒரு தரம் தூக்கிட்டு ஏறிப் பாக்கட்டும்" என்று டீச்சர் காதில் விழும்படியே முணுமுணுத்தேன். மேல்மாடத்தில் கடலைப் பார்த்துப் பிள்ளைகள் போட்ட கூச்சலில் அந்தக் கோபமும் போன இடம் தெரியவில்லை.

இறக்கும்போது வானம் கருத்தது. நனையக்கூடாதென்று டீச்சர் நாற்காலிகளை முதலிலேயே வேனில் ஏற்றச் சொன்னார். பிள்ளைகளை நேராக இருக்கையில் உட்காரவைத்தோம். அவர் பின்னால் போய் எண்ணினார். எட்டு. கிளம்பினோம்.

பத்து நிமிஷம் கழித்து பிஸ்கட் கொடுத்தேன். ஒரு பாக்கெட் மிஞ்சியது.

"யாரு வாங்கல?"

முகம் முகமாகப் பார்த்தேன். குருவி என்று நாங்கள் கூப்பிடுகிற ஒன்பது வயதுக்காரி இல்லை. பொடிசு, அதிர்ந்து பேசத் தெரியாது.

"தம்பி, குருவியை நீதானே எறக்கினே?"

"ஐயையோ, நீங்க தூக்கிட்டு வந்தீங்கன்னு நெனச்சேன்க்கா!"

"இங்கயே இரு கண்ணு, இதோ வந்துட்டேன்" என்று மாடத்தில் அவளிடம் சொல்லிவிட்டு வேறு பிள்ளையோடு இறங்கியது நான்தான்.

வேன் திரும்பியது. மாடத்துக் கம்பிகளுக்கு நடுவே இருந்த இடைவெளி என் கண்ணைவிட்டு அகலவில்லை. அந்தப் பொடிசு சறுக்கினால் தாராளமாக நுழைந்துவிடும். காற்று வேனையே ஆட்டியது. டீச்சர் அழத் தொடங்கினார். "இப்ப அழுது என்ன ஆகப்போவுது? சும்மா வாங்க!" என்று சீறினேன்.

காவலாளி கதவைப் பூட்டியிருந்தார். "கீழயிருந்து கூப்பிட்டுப் பாத்தேனே, யாரும் குரல் குடுக்கலையே" என்றபடி சாவியைத் தேடினார்.

எப்படி ஏறினேனோ தெரியாது. அவளை உட்காரவைத்த இடம் காலியாக இருந்தது. கம்பியோரம் ஒற்றைச் செருப்பு கிடந்தது. கீழே பார்க்கவே எனக்குத் துணிவில்லை. பார்க்காமலும் முடியவில்லை. குனிந்தேன். பாறையும் அலையும்தான் தெரிந்தன. அலை இழுத்துக்கொண்டு போயிருந்தால்? "குருவி!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

சுவரைத் தடவிக்கொண்டே மாடத்தின் மறுபக்கம் போனேன். இருந்தாள். காற்றுக்குப் பயந்து கையை ஊன்றி அதுவரை நகர்ந்திருக்கிறாள். கழுத்து மப்ளரால் ஒரு கையைக் கம்பியோடு கட்டிக்கொண்டிருந்தாள். முடிச்சை அவிழ்க்க என் விரல்கள் ஒத்துழைக்கவில்லை. அவளே பல்லால் கடித்து இழுத்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

"ரொம்ப பயந்துட்டியா கண்ணு?"

"ம். ஆனா போன தடவையவிட சீக்கிரமா வந்துட்டீங்க ஆயாம்மா."

"போன தடவையா? எப்போ?"

"ஸ்கூல் பாத்ரூம்ல. என் நாற்காலிய கிளாசுக்குத் தள்ளிட்டுப் போயிட்டீங்க. நாற்காலி அங்க இருந்துச்சா, யாரும் தேடல. ரெண்டு பீரியட் மணி அடிச்சுது. அப்புறம் நீங்க வந்து, இவ்ளோ நேரம் என்ன பண்றேன்னு திட்டினீங்க."

திட்டியது எனக்கு ஞாபகம் வந்தது. குனிந்து முதுகைக் காட்டினேன். ஏறியதும் என் கழுத்தை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டாள். நூற்று நாற்பது படியிலும் அந்தப் பிடி தளரவில்லை. வேனில் உட்காரவைத்த பிறகும் விடவில்லை.