மாடி அறையின் ஃபோன்

பத்தொன்பது வருஷம் மைதான ஓரத்தில் நின்று தொண்டை கிழியக் கத்திய கோச் டெல் புருபேக்கரை, இந்த வருஷம் அதே அமெரிக்கக் கால்பந்து அணியின் பொது மேலாளராக்கி மாடிக் கண்ணாடி அறையில் உட்காரவைத்துவிட்டார்கள். கோட்டு, டை, சுடச்சுடக் காபி எல்லாம் உண்டு. கத்தத்தான் வழியில்லை.

புதுக் கோச்சைப் பிடித்து வந்தவரும் அவர்தான். கர்ட்டிஸ் டாலிவர், ஒரு காலத்தில் அவரிடமே ஆடியவன். வருவதற்கு ஒரே நிபந்தனை போட்டான்.

"ஆட்டம் நடக்கறப்ப மாடியிலேர்ந்து ஒரே ஒரு ஃபோன் வந்தாலும் அப்பவே கிளம்பிடுவேன், கோச்."

டெல் தலையாட்டிவிட்டார். பதினாறு ஆட்டம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டியும்விட்டார்.

கடைசி ஆட்டத்தில்தான் வந்தது சோதனை. கொட்டும் பனி. மூன்று புள்ளி பின்தங்கியிருந்தார்கள். நான்கு விநாடி பாக்கி, எல்லைக் கோட்டுக்கு இரண்டு கஜம், கடைசி முயற்சி. பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் மூன்று புள்ளி, சமன். பந்தோடு கோட்டைத் தாண்டினால் வெற்றி, தாண்டாவிட்டால் இந்த வருஷம் அவ்வளவுதான். டெல்லாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு உதைக்கச் சொல்லியிருப்பார். அவருக்கு ஊர் வைத்த பேரே 'உதை டெல்'.

கீழே கர்ட்டிஸ், உதைக்க ஓடி வந்தவனைத் திருப்பி அனுப்பினான்.

"அடப்பாவி, உதைக்கச் சொல்லுடா" என்று முனகிய டெல்லின் கை ஃபோனுக்குப் போனது.

"யோவ், என்ன பண்ற?" என்றாள் பக்கத்திலிருந்த லொரேன். அணிக்கு ஆள் தேடிப் பிடிக்கும் பிரிவின் தலைவி, முப்பது வருஷப் பழக்கம்.

"தூசி தட்டறேன்."

"தட்டு, தட்டு. நாளைக்கு வேற கோச் தேடலாம்."

 டெல் ஃபோனின் வயரைப் பிடுங்கி அவள் மடியில் போட்டார்.

பந்தை வாங்கியவன் ஆள் குவியலுக்குள் தலையைக் கொடுத்து முட்டினான். கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தான். அரங்கமே எழுந்து ஆடியது. டெல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தானாக இருந்தால் உதைக்கச் சொல்லியிருப்போமே என்று வெட்கமாகவும் இருந்தது.

கீழே, பெரிய வெற்றி வந்தால் செய்கிற வழக்கப்படி, ஆட்டக்காரர்கள் ஐஸ் தண்ணீர்த் தொட்டியைக் கோச்சின் தலையில் கவிழ்த்தார்கள். டெல் பொறாமையோடு பார்த்தார். அந்தக் குளிர் அவருக்கு மூன்றே தடவை வாய்த்திருக்கிறது. மேலாளர்களுக்கு அதெல்லாம் கிடையாது.

அரை மணி கழித்துக் கதவு திறந்தது. சொட்டச் சொட்டக் கர்ட்டிஸ். பின்னால் தடித்தடியாக இரண்டு ஆட்டக்காரர்கள்.

"கீழேர்ந்து ஃபோன் போட்டேன், கோச். மணியே அடிக்கலையே?"

"வயரு இவகிட்ட இருக்குடா."

கர்ட்டிஸ் லொரேனின் மடியைப் பார்த்தான். சிரிப்பு வந்துவிட்டது.

"எடுத்துட்டு வாங்கடா தொட்டியை!"

கோட்டு, டை, காபி எல்லாம் நனைந்தன. அந்த வருஷத்தில் முதல் தடவையாக டெல் தொண்டை கிழியக் கத்தினார்.